கால்சிட் குளவிகள்

கால்சிட் குளவிகள் என்பன சவ்விறகிகள் (ஹைமனாப்டெரா) வரிசையில் கால்சிடாய்டியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய குளவிகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் நீளம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. இவற்றின் இளம்புழுக்கள் பிற பூச்சிகளின் முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றின் உள்ளேயோ மேலேயோ ஒட்டுண்ணியாக வாழ்ந்து, இறுதியில் அவற்றைக் கொன்றுவிடுகின்றன. இதுவரை 22,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிட்டு விவரிக்கப்பட்டுள்ளன. உண்மையான எண்ணிக்கை 5 இலட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே இக்குழுவில் பெயரிடப்பட்டவற்றை விடப் பெயரிடப்படாதவையே பன்மடங்கு மிகுதியாகும்.

பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை இயற்கையாகக் கட்டுப்படுத்துவதில் இக்குளவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கரும்பு, நெல் ஆகிய பயிர்களில் விடப்படும் டிரைக்கோகிரம்மா, பப்பாளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்திய அசெரோபாகஸ், ஆல், அரசு, அத்தி ஆகிய மரங்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் அத்திக் குளவிகள் ஆகிய அனைத்தும் கால்சிட் குளவிகளே.

பெயர்

செம்பு என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து இப்பெயர் வந்தது. இக்குளவிகளுள் பலவற்றின் உடல் பச்சை, நீலம், செம்பு நிறங்களில் உலோகம் போல் மின்னுவதே இதற்குக் காரணம். எனினும் எல்லா இனங்களும் இவ்வாறு மின்னுவதில்லை. மஞ்சள், பழுப்பு, கருமை நிறங்கொண்டவையும் பல உள்ளன.

தமிழில் "குளவி" என்றவுடன் கூடு கட்டிக் கூட்டமாக வாழ்ந்து மனிதரைக் கொட்டும் பூச்சியே நினைவுக்கு வரும். கால்சிட் குளவிகள் அவ்வாறு கூடு கட்டுவதில்லை. மனிதரைக் கொட்டுவதும் இல்லை. பெண் குளவியின் வயிற்று நுனியில் உள்ள குழல் முட்டையிடுவதற்கே பயன்படுகிறது.

உடலமைப்பு

கால்சிட் குளவிகளைப் பிற சிறு குளவிகளில் இருந்து பிரித்தறியப் பின்வரும் பண்புகள் உதவுகின்றன.

- முன்னிறகில் நரம்புகள் மிகவும் குறைந்து, விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒரே நரம்பாகவும் அதன் சிறு கிளைகளாகவும் காணப்படும்.
- உணர்கொம்புகள் முழங்கை போல் மடங்கியிருக்கும்.
- பெரும்பாலானவற்றில், மார்பின் முதற்கண்டத்தின் பக்கவாட்டுப் பகுதி இறகின் அடியை எட்டாது.
- முட்டையிடும் குழல் சில இனங்களில் வெளியே தெரியாது. சிலவற்றில் உடலின் நீளத்தையும் விஞ்சும்.

மிகச் சிறிய இனங்களில் இறகு அகன்ற சவ்வாக இல்லாமல், ஒரு காம்பும் அதன் ஓரத்தில் நீண்ட மயிர்களும் கொண்டு சிறு இறகுத் தூரிகை போல் அமைந்திருக்கும். அவ்வளவு சிறிய உடலுக்குக் காற்று, தேன் போன்று பிசுபிசுப்பான ஊடகம் ஆகிவிடுவதால், மயிர் ஓரம் கொண்ட இறகே முழுச் சவ்வின் வேலையைச் செய்துவிடுகிறது. எடையும் குறைகிறது.

அளவின் எல்லை

அறியப்பட்ட முதிர்பூச்சிகளுள் மிகச் சிறியது இப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. வட அமெரிக்காவில் காணப்படும் டைகோபோமார்பா எக்மெப்டெரிஜிஸ் என்னும் இனத்தின் ஆண் 0.139 மி.மீ. நீளமே உடையது. இரண்டு தலைமயிர்களை அருகருகே வைத்தால் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ இவ்வளவுதான். 1997-இல் விவரிக்கப்பட்ட இந்த ஆணுக்கு இறகும் இல்லை, கண்களும் இல்லை. மரப்பட்டைப் பேன் ஒன்றின் முட்டைக்குள் இது வளர்கிறது.

பறக்கக்கூடிய பூச்சிகளுள் மிகச் சிறியது கிக்கிகி ஹூனா. ஹவாய்த் தீவுகளில் கண்டறியப்பட்டு 2000-இல் விவரிக்கப்பட்ட இதன் நீளம் ஏறத்தாழ 0.158 மி.மீ. ஆகும். இதற்கு நெருங்கிய உறவான டிங்கர்பெல்லா நானா என்னும் இனம் 2013-இல் கோஸ்ட்டா ரிக்காவில் இருந்து விவரிக்கப்பட்டது.

உடல் இவ்வளவு சுருங்கும்போது மூளைக்கு இடமேது என்ற வினா எழுகிறது. இலைப்பேன்களின் முட்டைகளில் வாழும் மெகாபிராக்மா என்னும் பேரினம் இதற்கு வியப்பான விடை தருகிறது. இதன் நரம்பு மண்டலத்தில் ஏறத்தாழ 7,400 நரம்பணுக்களே உள்ளன. தேனீயின் மூளையில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 10 இலட்சம். மேலும், கூட்டுப்புழு முதிர்பூச்சியாகும் இறுதிக் கட்டத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் தம் உட்கருவை இழந்துவிடுகின்றன என்பது 2012-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உட்கரு அற்ற நரம்பணுக்களைக் கொண்டே இக்குளவி பறக்கவும், உணவு தேடவும், முட்டையிட ஏற்ற ஓம்புயிரைக் கண்டறியவும் செய்கிறது.

வகைப்பாடும் பன்மயமும்

நெடுங்காலமாக இப்பெருங்குடும்பம் ஏறத்தாழ 20 குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் டெரோமாலிடே என்பது வேறெங்கும் பொருந்தாத இனங்களை எல்லாம் போட்டு வைக்கும் கூடையாக இருந்தது. 2022-இல் அக்குடும்பம் பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டதை அடுத்துக் குடும்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 50 ஆக உயர்ந்தது. முதன்மையான சில குடும்பங்கள் வருமாறு:

- மைமாரிடே: தேவதைக் குளவிகள் எனப்படுபவை. ஏறத்தாழ அனைத்தும் பிற பூச்சிகளின் முட்டைகளில் வாழ்கின்றன. தத்துப்பூச்சிகளின் முட்டைகளை மிகுதியாகத் தாக்குகின்றன.
- டிரைக்கோகிரம்மாடிடே: இவையும் முட்டை ஒட்டுண்ணிகள். பாதத்தில் மூன்று கணுக்களே உள்ளமை இவற்றின் அடையாளம்.
- அபெலினிடே: வெள்ளை ஈ, செதில் பூச்சி, அசுவினி ஆகியவற்றின் ஒட்டுண்ணிகள்.
- என்சிர்டிடே: மாவுப்பூச்சி, செதில் பூச்சிகளின் முதன்மையான எதிரிகள். நடுக்கால்களால் உந்தித் துள்ளிக் குதிக்கக் கூடியவை.
- யூலோபிடே: 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட மிகப் பெரிய குடும்பம். இலைக்குள் சுரங்கமிடும் புழுக்களில் பலவும் இவற்றுக்கு இரையாகின்றன.
- கால்சிடிடே: ஒப்பளவில் பெரியவை. பின்னங்கால் தொடை பருத்து, அடியில் பற்கள் கொண்டிருக்கும். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் கூட்டுப்புழுக்களில் இருந்து இவை வெளிவருவதை எளிதாகக் காணலாம்.
- யூகாரிடிடே: எறும்புகளின் புழு, கூட்டுப்புழுக்களில் மட்டும் வாழ்பவை. இவை எறும்புப் புற்றில் முட்டையிடாமல் செடிகளில் முட்டையிடும். பொரித்து வரும் நுண்ணிய புழு, எறும்பைப் பற்றிக்கொண்டு புற்றுக்குள் செல்லும்.
- அகவோனிடே: அத்திக் குளவிகள்.

சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் யாவும் கால்சிட் குளவிகள் அல்ல. பிராகோனிடே, இக்னியூமோனிடே, செலியோனிடே ஆகியவை வேறு பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவை.

தோற்றம்

உலகெங்கிலும் இருந்து 433 இனங்களின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, இப்பெருங்குடும்பம் நடு ஜுராசிக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தோன்றியது என மதிப்பிடுகிறது. மூதாதை இனங்கள் மெல்லுடல் கொண்ட மிகச் சிறிய முட்டை ஒட்டுண்ணிகளாக இருந்திருக்கலாம் எனவும், பெரிய, தடித்த ஓடு கொண்ட வடிவங்கள் பின்னரே தோன்றின எனவும் அவ்வாய்வு கருதுகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் தென் கோண்டுவானா நிலப்பகுதியில் இவை விரைந்து கிளைத்துப் பின்னர் வடகோளத்துக்குப் பரவியிருக்கலாம்.

வாழ்க்கை முறை

பேன், உண்ணி போன்ற வழக்கமான ஒட்டுண்ணிகள் தாம் வாழும் உயிரைப் பொதுவாகக் கொல்வதில்லை. கால்சிட் குளவியின் இளம்புழுவோ தன் ஓம்புயிரைத் தின்று முடித்த பின்னரே முதிர்ச்சி அடைகிறது. ஆகவே இது ஒட்டுண்ணிக்கும் கொன்றுண்ணிக்கும் இடைப்பட்ட வாழ்க்கை முறையாகும். முதிர்பூச்சி தேன், அசுவினிகள் சுரக்கும் இனிப்பு நீர் ஆகியவற்றை உண்ணும். சில இனங்களின் பெண், ஓம்புயிரைத் துளைத்து அதில் கசியும் நீரையும் உறிஞ்சும்.

இவ்வாழ்க்கை முறையில் பல வேறுபாடுகள் உள்ளன.

பல்கருவாக்கம்: கோபிடோசோமா என்னும் பேரினத்தில், அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இடப்படும் ஒரே முட்டை பலவாகப் பிரிந்து 2,000-க்கும் மேற்பட்ட குளவிகளாக வளரக்கூடும். அவற்றுள் சில புழுக்கள் முதிர்ச்சி அடையாமல், போட்டிக்கு வரும் பிற ஒட்டுண்ணிகளைக் கடித்துக் கொல்லும் "போர்வீரர்களாக" இருந்து மடிகின்றன.

ஒட்டுண்ணியின் ஒட்டுண்ணி: சில இனங்கள், ஒட்டுண்ணியாக வாழும் மற்றொரு குளவியின் மீதே வாழ்கின்றன. அபெலினிடே குடும்பத்தின் சில இனங்களில் பெண் வெள்ளை ஈயிலும், ஆண் மற்றொரு குளவிப் புழுவிலும் வளர்கின்றன. அந்தக் குளவிப் புழு சில வேளைகளில் தன் இனத்துப் பெண்ணாகவே இருக்கும்.

பால் நிர்ணயம்: கருவுற்ற முட்டை பெண்ணாகவும், கருவுறாத முட்டை ஆணாகவும் வளரும். தாய்க்குளவி ஓம்புயிரின் அளவைப் பொறுத்து ஆண், பெண் விகிதத்தை மாற்றிக்கொள்ள முடியும். ஊல்பாக்கியா என்னும் பாக்டீரியா தொற்றிய சில இனங்களில் ஆண்களே இன்றிப் பெண்கள் பெண்களையே ஈனுகின்றன.

நீருக்கடியில் வாழ்க்கை: நீர்வண்டுகளின் முட்டைகளைத் தேடி நீரில் மூழ்கும் இனங்களும் உண்டு. கராப்ராக்டஸ் என்னும் தேவதைக் குளவி இறகுகளைத் துடுப்பாகக் கொண்டு நீந்துகிறது. பிரெஸ்ட்விச்சியா கால்களால் நீந்துகிறது.

பரவல்

அண்டார்க்டிகா தவிர்ந்த எல்லாக் கண்டங்களிலும் கால்சிட் குளவிகள் வாழ்கின்றன. மழைக்காடு, புல்வெளி, பாலை, வயல், வீட்டுத் தோட்டம், குளம் என ஓம்புயிரான பூச்சிகள் உள்ள இடமெல்லாம் இவற்றின் வாழிடமே. ஓர் இனத்தின் பரவலை முதன்மையாக முடிவு செய்வது அதன் ஓம்புயிரின் பரவலாகும். குறுகிய ஓம்புயிர் வரம்பு கொண்ட இனம் சிறு நிலப்பகுதியுடன் நின்றுவிடும். பல பூச்சிகளைத் தாக்க வல்ல இனம் கண்டங்கள் கடந்தும் பரவும்.

எடை மிகக் குறைவாதலால் காற்று இவற்றை நெடுந்தொலைவு சுமந்து செல்கிறது. அதனினும் விரைவான ஊர்தி மனிதனின் வணிகமே. நாற்று, விதை, பழம், வெட்டிய கிளை ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சிகளுடன் அவற்றுள் வாழும் குளவிகளும் கப்பலிலும் வானூர்தியிலும் பயணம் செய்கின்றன.

எனினும் இன்றைய பரவல் வரைபடங்களை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஒரு நாட்டில் மிகுதியான இனங்கள் பதிவாகியிருப்பது, அங்கு குளவிகள் மிகுதி என்பதைவிட, அங்கு தேடியவர்கள் மிகுதி என்பதையே பலவேளைகளில் காட்டுகிறது. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் இரு நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டுள்ளன. வெப்பமண்டலக் காடுகளிலோ ஒரே பொறியில் அகப்படும் குளவிகளுள் பலவும் பெயரற்றவையாக இருக்கின்றன. ஹவாய்க்கு மட்டும் உரியது என எண்ணப்பட்ட கிக்கிகி ஹூனா பின்னர் கோஸ்ட்டா ரிக்காவிலும் டிரினிடாடிலும் கண்டறியப்பட்டது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தாவரங்களைச் சார்ந்த இனங்கள்

கால்சிட் குளவிகள் அனைத்தும் ஒட்டுண்ணிகள் அல்ல. சில இனங்கள் விதைகளுக்குள் வளர்கின்றன. சில, இலையிலும் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்கி அவற்றுள் வாழ்கின்றன.

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சிகள் இருக்கும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அந்தப் பூச்சிகள் இல்லையேல் அத்தியில் விதையும் இல்லை. அத்தியின் பூக்கள் குடம் போன்ற காய்க்குள் மறைந்திருப்பதால், காயின் நுனித் துளை வழியே உள்ளே நுழையும் பெண் குளவியே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தியினத்துக்கும் தனித்தனிக் குளவியினம் உண்டு. ஆலமரத்துக்கு யூபிரிஸ்டினா மசோனி, அரச மரத்துக்கு பிளாட்டிஸ்காபா குவாட்ராடிசெப்ஸ், அத்தி மரத்துக்கு செரட்டோசோலன் பியூசிசெப்ஸ் ஆகியவை மகரந்தம் சேர்க்கின்றன.

முடிச்சு உண்டாக்கும் இனங்கள் தீங்கும் விளைவிக்கும். 2004-இல் விவரிக்கப்பட்ட குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்னும் குளவி, ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் மிக விரைவாகப் பரவிக் கல்யாண முருங்கை இன மரங்களை அழித்தது. தென்னிந்தியாவில் மிளகுக் கொடிக்குப் பற்றுமரமாக நின்ற கல்யாண முருங்கைகள் இதனால் பட்டுப்போயின. ஹவாயில் இயல்பாக வளரும் விலிவிலி மரத்தைக் காக்க, ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் இருந்து பெறப்பட்ட யூரிட்டோமா எரித்ரினே என்னும் மற்றொரு கால்சிட் குளவி 2008-இல் விடப்பட்டது. நோயும் மருந்தும் ஒரே பெருங்குடும்பத்தில் இருந்து வந்தன.

உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு

ஒரு பயிர்ப்பூச்சி தன் தாயகத்தை விட்டுப் புதிய நாட்டுக்கு வரும்போது அதன் இயற்கை எதிரிகள் உடன் வருவதில்லை. ஆகவே அது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. தாயகத்தில் அதன் எதிரியைத் தேடிக் கண்டு, ஆய்ந்து, கொண்டுவந்து விடுவதே இம்முறையின் அடிப்படை.

மரவள்ளி மாவுப்பூச்சி: தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் பரவி, கோடிக்கணக்கான மக்களின் உணவான மரவள்ளியை அழித்தது. பராகுவேயில் கண்டறியப்பட்ட அனகைரஸ் லோபெசி என்னும் குளவி 1981 முதல் ஆப்பிரிக்க நாடுகளில் விடப்பட்டுப் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இத்திட்டத்தை வழிநடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. இதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் காணப்பட்டுப் பின்னர் சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளித் தோட்டங்களைத் தாக்கியது. பெனின் நாட்டில் இருந்து தருவிக்கப்பட்ட அதே குளவி 2022-இல் தமிழ்நாட்டில் விடப்பட்டது.

பப்பாளி மாவுப்பூச்சி: 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்ட இப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களில் பெரும் இழப்பை உண்டாக்கியது. மருந்து தெளித்தும் பயன் குறைவாகவே இருந்தது. பூச்சியின் உடலை மூடியிருக்கும் வெண்மெழுகு மருந்தை உள்ளே விடுவதில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று குளவியினங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றுள் அசெரோபாகஸ் பப்பாயே விரைந்து நிலைபெற்றுச் சில மாதங்களிலேயே பூச்சியைப் பெருமளவு குறைத்தது.

தென்னை: இலங்கையில் 1970களில் தென்னையைத் தாக்கிய இலைச்சுரங்க வண்டு, யூலோபிடே குடும்பக் குளவி ஒன்றை விட்டதன் மூலம் கட்டுப்படுத்தப்பட்டது. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தோன்றிய சுருள் வெள்ளை ஈயை, ஏற்கெனவே இந்தியாவில் இருந்த என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி தாக்குவது கண்டறியப்பட்டது. இக்குளவி இருக்கும் தோப்புகளில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்குமாறு உழவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

டிரைக்கோகிரம்மா: இது ஆய்வகத்தில் நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளில் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஒட்டுண்ணி தாக்கிய முட்டைகள் அட்டைகளில் ஒட்டப்பட்டு உழவர்களுக்கு வழங்கப்படும். அட்டையைத் துண்டுகளாக்கி வயலில் பரவலாகக் கட்டிவைத்தால் குளவிகள் வெளிவந்து புழுக்களின் முட்டைகளைத் தேடும். கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக, நான்காம் மாதம் முதல் 15 நாள் இடைவெளியில் ஆறு முறை, எக்டேருக்கு ஒவ்வொரு முறையும் 2.5 கன சென்டிமீட்டர் அளவு விடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. புழு பொரிப்பதற்கு முன்னரே முட்டை அழிந்துவிடுவதால் பயிருக்குச் சேதமே ஏற்படுவதில்லை என்பது இதன் சிறப்பு.

பெயரிடலின் இன்றியமையாமை

இக்குளவிகளையும் அவற்றின் ஓம்புயிர்களையும் சரியாக இனங்காண்பது ஏட்டளவிலான செயல் அன்று. கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைச் சிவப்புச் செதில் பூச்சி தாக்கியபோது, ஆசியாவில் அதன் மீது வாழ்ந்த மஞ்சள் நிறக் குளவிகள் யாவும் கலிபோர்னியாவில் ஏற்கெனவே உள்ள இனமே எனத் தவறாகக் கருதப்பட்டன. ஆகவே பல பத்தாண்டுகள் அவற்றைக் கொண்டுவர எவரும் முயலவில்லை. அவை வெவ்வேறு இனங்கள் என உணரப்பட்ட பின்னரே, 1950களில் இந்தியா, பாக்கிஸ்தானில் இருந்து அபைட்டிஸ் மெலினஸ் கொண்டு செல்லப்பட்டது. இன்றும் அப்பூச்சிக்கு எதிராகப் பெரிதும் பயன்படுவது இக்குளவியே.

மரவள்ளி மாவுப்பூச்சியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. முதலில் தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடியவர்கள் கண்டது தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின் மீது பயன் தரவில்லை. இரண்டும் வேறு எனத் தெளிந்து, உண்மையான இனத்தைப் பராகுவேயில் கண்ட பின்னரே வெற்றி கிட்டியது.

ஆய்வு வரலாறும் முறைகளும்

19ஆம் நூற்றாண்டில் ஹாலிடே, வாக்கர், வெஸ்ட்வுட் ஆகியோர் இக்குழுவை விரிவாக ஆராயத் தொடங்கினர். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கிரோல்ட் (1884–1941) தனியொருவராக ஆயிரக்கணக்கான இனங்களை விவரித்தார். இந்தியாவில் எம். எஸ். மணி, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் டி. சி. நரேந்திரன், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முகமது ஹயாத் ஆகியோரின் பணி குறிப்பிடத்தக்கது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தேவதைக் குளவிகள் குறித்த ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

இவற்றைப் பிடிக்க வலை வீச்சு, கூடார வடிவ மலேஸ் பொறி, மஞ்சள் தட்டுப் பொறி ஆகியவை பயன்படுகின்றன. சோப்பு நீர் நிரப்பிய மஞ்சள் தட்டைத் தரையில் வைத்தால், நிறத்தால் கவரப்பட்ட குளவிகள் அதில் விழும். எளிய செலவில் மாணவர்களும் செய்து பார்க்கக்கூடிய முறை இது. ஆனால் குளவி எதன் ஒட்டுண்ணி என்பதைப் பொறி சொல்லாது. அதனை அறிய, தாக்கப்பட்ட முட்டையையோ புழுவையோ சேகரித்துக் குளவி வெளிவரும் வரை வளர்க்க வேண்டும். நுண்ணோக்கியிலும் பிரித்தறிய இயலாத இனங்களை வேறுபடுத்த மரபணு வரிசை ஒப்பீடு உதவுகிறது.

அச்சுறுத்தல்கள்

பரந்து செயற்படும் பூச்சிக்கொல்லிகள் பயிர்ப்பூச்சியை விட அதன் ஒட்டுண்ணியையே மிகுதியாகப் பாதிப்பதுண்டு. ஒட்டுண்ணி அழிந்த வயலில் பயிர்ப்பூச்சி முன்னினும் வேகமாகப் பெருகும். வரப்போரப் பூச்செடிகள் அழிக்கப்படுவதால் முதிர்குளவிகளுக்குத் தேன் கிடைப்பதில்லை. காடு அழியும்போது, ஒரே ஓம்புயிரைச் சார்ந்த இனங்கள் அந்த ஓம்புயிருடன் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. இனங்களில் பெரும்பகுதி இன்னும் பெயரிடப்படாமையால், மறைந்தவை எவை என்பதைப் பின்னர் அறியவும் வழியில்லை.

இவற்றையும் பார்க்க

- சவ்விறகிகள்
- டிரைக்கோகிரம்மா
- அத்திக் குளவி
- மாவுப்பூச்சி
- உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு